கரைக்கு வராமல் சுற்றிய விசைப்படகுகள்: என் அனுபவம்

ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊர்ப் பக்கத்துக் கடலை வைத்து, பைத்தான் நிரல்மொழியில் ஒரு சிமுலேஷன் (கணினியில் ஓடும் மாதிரி) எழுதினேன். ஒவ்வொரு விசைப்படகும் ஒரு ஏஜென்ட், அதாவது அந்த மாதிரிக்குள் தானாக இயங்கும் ஒரு பாத்திரம். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9.26 கிலோமீட்டருக்குள், மீன் பிடிக்கக்கூடாது என்பது விதி. அதற்குக் கட்டுப்படுவதா, மீறுவதா என்று லாபத்தையும் அபராதத்தையும் எடைபோட்டு ஏஜென்டே முடிவெடுக்கும்.

போகும்போது ஒழுங்காகப் போன படகுகள், திரும்பும்போது 5 மைல் கோட்டிலேயே டீசல் தீரும்வரை வட்டமடித்தன. நாட்டுப்படகுகளுக்கு அந்த விதி கிடையாது, அவை ஜம்மென்று வந்து சேர்ந்தன.

முதலில் வரைபடத்தைச் சந்தேகித்து ஒரு நாள் போனது. அப்புறம் அபராதத்தைக் குறைத்தேன். படகுகள் கரைக்கு வந்தன, ஆனால் வழியெல்லாம் வலை போட்டுக்கொண்டே வந்தன! பழையபடி கூட்டினால் மறுபடியும் வட்டம். இப்படியே மூன்று நாள்.

கடைசியில் ஒரே ஒரு படகின் நிலையை வரிவரியாக அச்சிட்டுப் பார்த்தேன். வலையை ஏற்றிய பிறகும் 'மீன்பிடிப்பில்' என்றே இருந்தது. ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், மீனை இறக்கினால்தான் அது மாறும் என்று நானே எழுதியிருக்கிறேன். ஜெட்டிக்குப் போக விதி விடாது, போகாமல் விதி ஓயாது.

பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கடல் தொழில். அவரிடம் சொன்னபோது, "வலை மேல வந்துட்டா தொழில் முடிஞ்சுச்சேப்பா" என்றார், அவ்வளவுதான். விதி ஓயும் நிபந்தனையை 'வலை படகில்' என்று மாற்றினேன். அபராதத்தைத் தொடவே இல்லை. எல்லாப் படகும் கரை சேர்ந்தது.