தட்டு கழுவும் தண்ணீரில் வாழை

பள்ளியில் மதிய உணவு முடிந்து தட்டு கழுவும் தண்ணீரை, சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பி விடுங்கள். கன்றுகளைக் காசு கொடுத்து வாங்காமல் பிள்ளைகளின் வீடுகளில் கேளுங்கள். வாழை நிறைய தண்ணீர் குடிக்கும். பள்ளி நாளெல்லாம் ஒரே நேரத்தில் ஈரம் கிடைப்பதால் தனியாக நீர் ஊற்ற ஆள் வேண்டாம். அப்புறம், கன்று கொடுத்த அம்மா பிள்ளையை விட வரும்போதெல்லாம் "நம்ம வாழை குருத்து விட்டுச்சா?" என்று கேட்பார். அந்த அக்கறைதான் மரத்தைக் காப்பாற்றும்.

வாய்க்கால் முகப்பில் பழைய சல்லடை ஒன்றை வையுங்கள். சோற்றுப் பருக்கை சேர்ந்தால் எலி வரும்.

பிளீச்சிங் பவுடர், பினாயில் கலந்த தண்ணீருக்கு இது ஆகாது. நீர் தேங்கும் களிமண்ணிலும் வேண்டாம், கொசு பெருகிவிடும். கோடை விடுமுறைக்குத் தண்ணீர் ஊற்ற முன்கூட்டியே ஆள் பேசி வையுங்கள்.