பிரிம்ரோஸ் குளிரில் சாவதில்லை

பிரிட்டனில் ஜனவரி பிறந்தால் கடை வாசலெல்லாம் பிரிம்ரோஸ் என்ற சிறு பூச்செடியின் தொட்டிதான். வாங்கி வந்தவர்கள் பனிக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். சில நாளில் பூ தொங்கிவிடும். காட்டோரத்திலும் வேலிக்கரையிலும் தானாக முளைக்கும் செடி இது. உறைபனியைத் தாங்கும், சூட்டையும் வறட்சியையும் தாங்காது. கடைச்செடி கண்ணாடிக் கூடாரத்தில் வளர்ந்தது என்பதால் ஒரு வாரம், பத்து நாள் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்கிய பிறகு நடுங்கள்.

வெயில் அதிகம் விழும் தெற்கு பார்த்த சுவரடி கூடாது. இலையுதிர்க்கும் மரத்தடி நல்லது: பூக்கும் பருவத்தில் வெளிச்சம், கோடையில் நிழல். மண்ணில் இலைமட்கு தாராளமாகக் கலந்து, 20 முதல் 25 செ.மீ. இடைவெளி விடுங்கள். இலைகள் கிளம்பும் குருத்து மண்மட்டத்திலேயே இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும். (ஈவினிங் பிரிம்ரோஸ் வேறு குடும்பம், அதற்கு வெயில் வேண்டும்.)

நன்றாக இருந்த செடி திடீரென்று துவண்டால் உடனே தண்ணீர்க் குவளையை எடுக்காதீர்கள். முதலில் செடியை மெல்ல இழுங்கள். வேரே இல்லாமல் கையோடு வந்தால், கிளறிப் பாருங்கள்: பழுப்புத் தலை, வளைந்த வெள்ளை உடல், கால் கிடையாது. வைன் வீவில் வண்டின் புழு அது. இலையோரத்தில் கடித்த பள்ளங்கள் இருந்தால் தாய்வண்டு இரவில் வந்து போகிறது என்று அர்த்தம். ஆகஸ்ட், செப்டம்பரில் ஈரமண்ணில் நூற்புழுக் கரைசல் (இந்தப் புழுவைக் கொல்லும் நுண்ணிய நெமட்டோடுகள் கலந்த தண்ணீர்) ஊற்றினால் வண்டின் புழு சின்னதாக இருக்கும்போதே மடியும். வசந்தம் வரை காத்திருந்தால் அதற்குள் வேர் போயிருக்கும்.

கொத்து நெருக்கமானால் பூ குறையும். 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை, பூ முடிந்ததும் தோண்டிப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வேரும் குருத்தும் வேண்டும். அந்தக் கோடை முழுக்க ஈரம் காயவிடாதீர்கள்.

விதையைப் பழசாக்காமல், பழுத்ததும் தூவுங்கள். மண் போட்டு மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் தேவை. 20 டிகிரிக்கு மேல் போனால் முளைப்பு குறையும். ஒற்றைச் செடி அதிகம் காய்க்காது. பூவின் தொண்டைக்குள் பாருங்கள்: சிலவற்றில் குண்டூசித் தலைபோல் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) தெரியும், சிலவற்றில் மகரந்தப்பைகள் வளையமாக நிற்கும். இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால்தான் விதை நிறையக் கிடைக்கும்.