வானியலுக்குப் போகிறவர்கள் அலைடு கணிதத்தில் கோட்டை விடுகிறார்கள்

"அலைடு மேத்ஸ்ல பாஸ் மார்க் வந்தா போதும்தானேக்கா? நான் அஸ்ட்ரோபிசிக்ஸ்தானே போகப்போறேன்."

போன மாதம் ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். பி.எஸ்சி. இயற்பியல், முதலாண்டு. அலைடு என்றால் முக்கியப் பாடத்தோடு சேர்ந்து வரும் துணைப்பாடம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதையே நான் என் சீனியரிடம் கேட்டேன். "தாராளமா போதும்" என்று அவரும் சொல்லித் தொலைத்தார்.

அரியர் வைக்காதே, ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாளில் எழுதாதே என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அதற்குள் நான் போகவில்லை. வானியல் கனவோடு இயற்பியல் சேர்கிறவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

பட்டத்தின் பெயரில் வானியலைத் தேடுவது

இளங்கலையில் வானியல் என்றே பெயர் போட்ட படிப்பு நம் நாட்டில் அரிது. அது கிடைக்கவில்லையே என்று அழ வேண்டாம். இயற்பியல் பட்டத்தோடு தாராளமாகப் போகலாம். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்கு நுழைய எழுதும் ஜெஸ்ட் தேர்வில் கேட்பது இயற்பியல்தான். திருவாதிரை எந்தப் பக்கம் உதிக்கும் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அலைடு கணிதத்தை ஓரங்கட்டுவது

நான் அதிகம் இழந்தது இதில்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் அலைடு பேப்பருக்கு யாரும் புத்தகம் வாங்க மாட்டோம். சீனியரின் ஜெராக்ஸ் நோட்ஸ், அதில் ஸ்டார் போட்ட பத்து மார்க் கேள்விகள், அவ்வளவுதான். ஒரு சமன்பாட்டின் விடையை ஊகித்து, திருத்தித் திருத்தி நெருங்கும் நியூட்டன்-ராப்சன் முறைக்கு மூன்று ஸ்டார். சூத்திரத்தை மனப்பாடம் செய்து, கால்குலேட்டரைத் தட்டி, நான்கு தசம இடத்துக்கு விடை எழுதினேன். மொத்தம் 74 மார்க். வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

எம்.எஸ்சி.யில் கெப்ளர் சமன்பாடு வந்தது. ஒரு கோளோ வால்நட்சத்திரமோ இன்ன தேதியில் தன் பாதையில் எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்க உதவுவது. பார்க்க ஒரு வரிதான். ஆனால் நாம் தேடும் கோணம் ஓரிடத்தில் தனியாகவும் இன்னோரிடத்தில் சைனுக்குள்ளும் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு பக்கமாகக் கொண்டுவர மூன்று தாள் கிறுக்கினேன். வரவில்லை, வரவும் வராது. ஒரு மதிப்பை ஊகித்து, திரும்பத் திரும்பத் திருத்தித்தான் பிடிக்க வேண்டும். பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் மையத்தொலைத்தகவு பூமிக்கு 0.0167, அதாவது கிட்டத்தட்ட வட்டம். இரண்டு மூன்று திருத்தத்தில் விடை நின்றுவிடும். ஹாலி வால்நட்சத்திரத்துக்கு அது 0.967. சூரியனை நெருங்கும் இடத்தில் சாதாரணத் திருத்தம் ஆமை வேகத்தில் நகரும். தொடக்க ஊகம் உருப்படியாக இருந்தால், நியூட்டன்-ராப்சன் சில சுற்றிலேயே பிடித்துவிடும். ஆசிரியர் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த மூன்று ஸ்டார் மட்டும்தான்.

அதோடு விடவில்லை. எந்த வடிவத்தையும் எளிய சைன் அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே தொடரை நான் சாய்ஸில் விட்டிருந்தேன். புராஜெக்டுக்கு என்னிடம் வந்ததோ ரேடியோ தொலைநோக்கித் தரவு. புனேக்கு வடக்கே இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள்: 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 ஆன்டெனாக் கிண்ணங்கள், இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 ஜோடி. எந்த ஜோடியும் வானத்தை நேராகப் படம் பிடிப்பதில்லை. ஒவ்வொன்றும் அந்தப் படத்தின் ஒரு ஃபூரியே கூறை அளந்து கொடுக்கிறது; படத்தை நாம் கணக்கிட்டு வரவழைக்க வேண்டும். மென்பொருள் அதைச் செய்துவிடும், சரி. ஆனால் படத்தில் கோடுகோடாகக் குப்பை தெரிந்தால், எந்த ஜோடி கெட்டிருக்கிறது என்று மென்பொருள் தானாகச் சொல்லாது. மூன்று மாத வேலை எனக்கு எட்டு மாதம் ஆனது. பி.எச்டி. சேர்வது ஒரு வருடம் தள்ளிப்போனது. இதை எழுதும்போதுகூட அந்த சீனியர் மேல் கோபம் வருகிறது, பாவம்.

பாடத்திட்டம் பல்கலைக்குப் பல்கலை மாறும். அணிகள், ஐகன் மதிப்பு, வகைக்கெழுச் சமன்பாடு, ஃபூரியே, லாப்லாஸ் என்று எது வந்தாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வானியல் கணக்காவது கையால் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு ஹாலி கணக்கைத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புள்ளியியலை விட்டு எளிதான விருப்பப்பாடம் எடுப்பது

ஒரு நட்சத்திரத்திலிருந்து 10,000 ஃபோட்டான் (ஒளித்துகள்) எண்ணினால், அதில் 100 கூடக்குறைய இருக்கும். அதாவது 1 சதவீதம். வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற நட்சத்திரத்தை மறைத்தால் குறையும் வெளிச்சமும் ஏறத்தாழ அதே 1 சதவீதம். பிழையைப் பத்தில் ஒரு பங்காக்க, பத்து மடங்கு ஃபோட்டான் போதாது. நூறு மடங்கு வேண்டும். இது தெரியாமல் "கோள் கண்டுபிடித்துவிட்டேன்" என்று ஓடிவந்தவர்களில் நானும் ஒருத்தி.

பைத்தானை எம்.எஸ்சி.க்குத் தள்ளிப்போடுவது

தரவை அலச உதவும் நிரல்மொழி இது. முதலாண்டு விடுமுறையிலேயே தொடங்குங்கள். லினக்ஸும் சேர்த்து.

எலக்ட்ரானிக்ஸ் லேபில் ரீடிங்கைக் காப்பியடிப்பது

வேண்டாம்.

ஜாம் தேர்வைக் கடைசி வருடம் யோசிப்பது

ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் தேர்வு இது. வழக்கமாக பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்குப் பல மாதங்கள் முன்பு. இயற்பியல் தாளின் பாடத்திட்டத்தில் முதல் தலைப்பே கணித முறைகள். அப்புறம் மறுபடி அலைடு நோட்ஸைத் தேட வேண்டியதுதான்.

முதலாண்டிலேயே தொலைநோக்கி வாங்குவது

அந்தக் காசில் காவலூருக்குப் பஸ் ஏறுங்கள். ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவார்கள். போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் போகாதீர்கள். நான் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.