ஆக்டிவாவா, ஜூபிடரா? எஞ்சினை அணைத்துவிட்டு முடிவு செய்யுங்கள்

அண்ணன் மகளுக்கு அரக்கோணத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு வேலூர் பாகாயம். தினமும் காட்பாடி ஜங்ஷன் வரை போய் ரயில் பிடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஸ்கூட்டர் ஷோரூம் நோட்டீஸோடு வந்து உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, ஆக்டிவாவா ஜூபிடரா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொன்னதையும், நாங்கள் இருவரும் மூன்று வாரம் அலைந்து செய்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல் ஸ்கூட்டர் வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதல் படி: வண்டி வேண்டுமா என்று பாருங்கள்

பாகாயத்திலிருந்து காட்பாடிக்கு 1, 2 நம்பர் பஸ் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆக, இவளுடைய ஸ்கூட்டருக்குப் போட்டி இன்னொரு ஸ்கூட்டர் அல்ல, இலவச பஸ். சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்று கிளம்புவதற்குள் ரயில் போய்விடும் என்றாள். அது நியாயமான காரணம். உங்களுக்கு அப்படி ஒரு காரணம் இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து மாதக் கணக்கு. போக வர 24 கிலோமீட்டர், மாதம் 25 நாள், மொத்தம் 600 கிலோமீட்டர். ஒரு வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கிறது, இன்னொன்று 50 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டிக்கு 13.3 லிட்டர், இரண்டாவதற்கு 12 லிட்டர். வித்தியாசம் ஒன்றேகால் லிட்டர் சொச்சம். லிட்டர் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்றால் மாதம் நூற்று முப்பது, நூற்று நாற்பது ரூபாய். "எத்தனை குடுக்குது?" என்ற கேள்வியை எல்லோரும் முதலில் கேட்கிறோம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அது நாலாவது ஐந்தாவது கேள்வியாகிவிடும்.

இரண்டாவது படி: நோட்டீஸில் நாலே வரி படியுங்கள்

இரண்டுமே ஒரே வகுப்பு வண்டிகள். ஆக்டிவா 109.51 சிசி. 2024 ஆகஸ்டில் வந்த புதிய ஜூபிடர் 113.3 சிசி. எடை இரண்டும் 105 கிலோவை ஒட்டித்தான். டேங்க் ஆக்டிவாவில் 5.3 லிட்டர், ஜூபிடரில் 5.1 லிட்டர். இந்த எண்களை வைத்து யாராலும் முடிவெடுக்க முடியாது. சிசி அதிகம், அதனால் இதுதான் வேகம் என்று பேசுகிறவர்களைக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

நிஜமான வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, சக்கரம். ஆக்டிவாவுக்கு முன்னால் 12 அங்குலம், பின்னால் 10. ஜூபிடருக்கு இரண்டுமே 12. சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் குறைவாக இறங்கும். பின்னால் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு தோண்டிப் போட்ட தெருவில் போகிறவருக்கு இது இடுப்பில் தெரியும்.

இன்னொன்று, பெட்ரோல் டேங்க் இருக்கும் இடம். ஆக்டிவாவில் சீட்டுக்குப் பின்பக்கம். புதிய ஜூபிடரில் கால் வைக்கும் தளத்துக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள், மூடி முன்னால் இருக்கிறது. அதனால் சீட்டுக்கு அடியில் காலியான இடம் 33 லிட்டர். ஆக்டிவாவில் 18. இரண்டு பாதி முக ஹெல்மெட் ஜூபிடரில் உள்ளே போகும், ஆக்டிவாவில் ஒன்றுதான். பங்க்கில் சீட்டை விட்டு இறங்காமல் பெட்ரோல் போடலாம், மீட்டர் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று திரும்பாமலே பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம்.

பிரேக் பற்றி ஒன்று. 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கூட்டு பிரேக்காவது கட்டாயம். இடது லீவரை அழுத்தினால் பின் சக்கரத்தோடு முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். இரண்டு வண்டியிலும் உண்டு. புதிதாக ஓட்டுகிறவர் முன் சக்கரத்துக்கான வலது லீவரை மட்டும் கொத்தாகப் பிடிக்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிட வேண்டும். லாரியிலிருந்து சிந்திய மணல் ஓரத்தில் கிடக்கும் ரோட்டில் அது ஆளைக் கீழே தள்ளும்.

மூன்றாவது படி: சாவியைப் போடாமல் அரை மணி நேரம்

நான் முக்கியமாக நினைப்பது இந்தப் படியைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

கியர் இல்லாத ஸ்கூட்டரை ஓட்டுவது கஷ்டமே இல்லை. ஆக்சிலேட்டரைத் திருகினால் போகும், பிரேக் பிடித்தால் நிற்கும். கஷ்டம் எல்லாம் எஞ்சின் அணைந்திருக்கும்போது. வீட்டு வாசல் ஸ்லோப்பில் ஏற்றுவது, சந்தில் திருப்புவது, வண்டி நிறுத்தும் ஸ்டாண்டில் வரிசைக்குள் செருகுவது, இரவு எட்டு மணிக்கு அதே வரிசையிலிருந்து உருவி எடுப்பது. காட்பாடியில் வண்டி விட்டவர்களுக்குத் தெரியும். காலையில் நாம் வைத்தது ஒரு மாதிரி இருக்கும். சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஹேண்டில்பார் கோர்த்துக்கொண்டு, நடுவில் ஆள் நுழைய இடமில்லாமல் நிற்கும். அங்கே 105 கிலோவை நகர்த்தப் போவது நீங்கள், உங்கள் தோள், உங்கள் உயரம்.

ஷோரூமில் வேலை செய்யும் பையனிடம் சாவி வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் வினோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். பிறகு இதைச் செய்யுங்கள்.

வண்டிக்கு இடது பக்கம் நில்லுங்கள். இடது கை ஹேண்டில்பாரின் இடது பிடியில். வலது கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கைப்பிடிக் கம்பியில். வலது காலால், வண்டிக்கு அடியில் உள்ள சென்டர் ஸ்டாண்டின் நாக்கை (மிதிக்க நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை) மிதித்துத் தரைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொட்டதும் வண்டி லேசாக ஆடி நிமிரும். அந்த நிமிர்வு தெரிகிற வரை அவசரப்படாதீர்கள். தெரிந்ததும் உடம்பின் மொத்த எடையையும் அந்த வலது காலில் இறக்குங்கள். வண்டி தானாகப் பின்னால் ஏறி நிற்கும். கை தூக்குவதற்கு இல்லை, சாயாமல் பிடிக்க மட்டும். கையால் தூக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் முதுகு பிடித்துக்கொள்கிறது.

இதை ஒவ்வொரு வண்டியிலும் ஐந்து தடவை செய்யுங்கள். முதல் தடவை எல்லா வண்டியும் கனமாகத்தான் இருக்கும், நாலாவது தடவையில்தான் வித்தியாசம் புரியும். அண்ணன் மகள் ஐந்தடி உயரம். ஜூபிடரில் கம்பி அவள் கைக்கு வாகாக வந்தது. ஆக்டிவாவில் தோள் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது. என் உயரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் நான் சொல்வதை விடுங்கள், உங்கள் கை சொல்வதைக் கேளுங்கள்.

பிறகு சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் கீழே ஊன்றி, பின்னால் பத்தடி தள்ளிப் பாருங்கள். நுனி விரல் மட்டும் தொட்டால் தள்ள முடியாது. பாதத்தின் முன்பாதியாவது படிய வேண்டும். தினமும் போடும் செருப்போடு போங்கள். ஷூ போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, செருப்போடு ஓட்டும்போது உயரம் இடிக்கிறது என்று புலம்பியவரை எனக்குத் தெரியும். (நான்தான்.)

கையோடு உங்கள் ஹெல்மெட், டிபன் பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துப் போய் சீட்டுக்கடியில் வைத்து மூடிப் பாருங்கள். சில ஸ்டாண்டுகளில் ஹெல்மெட்டுக்குத் தனிக் காசு வாங்குகிறார்கள். அம்மா 20 லிட்டர் தண்ணீர் கேன் வாங்கிவரச் சொல்லும் வீடு என்றால், கால் வைக்கும் இடத்தின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

நான்காவது படி: உங்கள் வழியில் ஓட்டுங்கள்

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போவது டெஸ்ட் டிரைவ் ஆகாது. லைசென்ஸ் இருப்பவர்கள் கொஞ்சம் தூரம் கேட்டு வாங்கி ஓட்டுங்கள். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஏறுங்கள். கிரீன் சர்க்கிள் நெரிசலில் நடக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். அந்த வேகத்தில் வண்டி வெட்டி வெட்டி இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பாலாற்றுப் பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது ஹேண்டில் எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள்.

மே மாதத்தில் வாங்குகிறீர்கள் என்றால் மதியம் போங்கள். வேலூர் வெயிலில் நின்ற கறுப்பு சீட்டைப் பற்றி எந்த நோட்டீஸிலும் எழுத மாட்டார்கள்.

லைசென்ஸ் இல்லாதவர்கள் முதலில் எல்எல்ஆர் என்ற பழகுநர் லைசென்ஸ் எடுங்கள். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்குப் போக முடியும். இந்த வண்டிகளுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது படி: மெக்கானிக்கிடம் சரியான கேள்வி கேளுங்கள்

நான் தப்பான கேள்விதான் கேட்டேன். "உங்க கடைக்கு எது ரிப்பேருக்கு அதிகமா வருது?"

"இன்னா சார் கேக்குறீங்க. தெருவுல எது அதிகமா ஓடுதோ அதுதான என் கடைக்கும் அதிகமா வரும்? அத வச்சி வண்டி மோசம்னுட முடியுமா?"

வாய் அடைத்துப் போயிற்று. கேட்க வேண்டியது இது: என் வீட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் எந்த வண்டிக்கு வேலை தெரிந்த ஆள் இருக்கிறார், கேபிள், பிரேக் ஷூ, பெல்ட் அன்றைக்கே கிடைக்குமா. இந்த ஸ்கூட்டர்களில் செயினுக்குப் பதில் பெல்ட்தான் சக்கரத்தை ஓட்டுகிறது. இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டினால் அதைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் அறுந்து நடுரோட்டில் நிறுத்திவிடும். மாதம் 600 என்றால் மூன்று வருஷம் முடிவதற்குச் சற்று முன்பே அந்த இருபதாயிரம் வந்துவிடும்.

என் நண்பர் ஒருவர் குடியாத்தம் பக்கம். அவர் தெருமுனையில் ஆக்டிவாவைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் மெக்கானிக் இருக்கிறார். நண்பர் ஆக்டிவாதான் வாங்கினார், சரியான முடிவு.

எலக்ட்ரிக் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள், அதுவும் ஆம்பியர் ஸ்கூட்டர் தொழிற்சாலை பக்கத்து ராணிப்பேட்டையிலேயே இருக்கும்போது. அண்ணன் குடும்பம் இருப்பது வாடகைக்கு, இரண்டாவது மாடி. கீழே பிளக் பாயிண்ட் போட வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கதை அங்கேயே முடிந்தது.

ஆறாவது படி: விலைச்சீட்டை வரி வரியாகப் படியுங்கள்

வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய வீடியோக்களில் சொல்லும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் ஆயுள் வரி, ஒரு லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. உயர்ந்த மாடலுக்குத் தாவும்போது விலை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பகுதி ஐந்து வருஷத்துக்குக் கட்டாயம். வண்டிக்கான காப்பீட்டை ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியில் ஒரு விலை கேட்டுக்கொண்டு போங்கள்.

என் பழைய வண்டிக்கு பில்லில் 'இதர செலவு' என்று ஒரு வரி இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம். என்ன செலவு என்று கேட்டேன். "எல்லாரும் கட்றாங்க சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். நானும் கட்டிவிட்டேன். இந்தத் தடவை அப்படி ஒரு வரி வந்தபோது அண்ணன் மகளே பேனாவால் வட்டம் போட்டு, "இது எதுக்கு, ரசீது குடுப்பீங்களா?" என்றாள். அடித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார்கள்.

கடனில் வாங்குகிறீர்களா? வட்டி ஃபிளாட்டா (கடைசி வரை முழுக் கடனுக்குமா), குறையும் அசலுக்கா என்று கேளுங்கள். 80,000 ரூபாய், 10 சதவீதம், மூன்று வருஷம். ஃபிளாட் என்றால் வட்டி 24,000, மாதத் தவணை சுமார் 2,890. குறையும் அசல் என்றால் தவணை சுமார் 2,580, மொத்த வட்டி 13,000-க்கும் கீழே. இரண்டிலும் வாயால் சொல்வது அதே பத்து சதவீதம்தான்.

ஏழாவது படி: வண்டி எடுக்கும் நாள்

பூ, எலுமிச்சம்பழம், போட்டோ எல்லாம் அப்புறம். முதலில் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பில்லோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23-ஆவது வாரம் செய்த டயர். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றையும் அங்கேயே போட்டுப் பாருங்கள். இரண்டாவது சாவியை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

அவள் எடுத்தது ஜூபிடர். கைக்கு வாகான கம்பி, உள்ளே போகும் இரண்டாவது ஹெல்மெட், இந்த இரண்டுக்காக. டிஎன் 23 நம்பர் வந்த வாரம் காட்பாடி ஸ்டாண்டில் இரவு எட்டரைக்கு நானும் கூட நின்றேன். இரண்டு புல்லட்டுக்கு நடுவில் மாட்டியிருந்தது. ஸ்டாண்டுக்காரர் எழுந்து வந்தார். "இருங்கண்ணா, நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வலது கையைக் கம்பிக்குக் கொண்டுபோனாள்.