பக்கத்து ஊருக்குக் கேமராவோடு ஒரு நாள்: முதன்முறை கிளம்புபவர்களுக்கு

கேமரா வாங்கிய பலரும் ஒரு பெரிய சுற்றுலாவுக்காகக் காத்திருப்பார்கள். அது ஒருவழியாக வரும் நாளில் எந்தப் பொத்தான் எதற்கு என்பதே மறந்துபோயிருக்கும். அதனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடமாகப் பார்த்து, காலையில் கிளம்பி இரவு வீடு திரும்புகிற மாதிரி போய்ப் பழகுங்கள். பக்கத்து இடத்தில் இருக்கும் பெரிய வசதி, இன்று சரியாக வரவில்லை என்றால் அடுத்த வாரம் மறுபடி போகலாம் என்பதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிவிட வேண்டும் என்கிற பரபரப்பு இல்லாவிட்டாலே பாதிப் படங்கள் தேறிவிடும். போன் கேமராதான் இருக்கிறது என்றாலும் கீழே இருப்பதில் பெரும்பாலானவை பொருந்தும்.

1. வெயிலைப் பார்த்து இடத்தை முடிவுசெய்யுங்கள்

ஓர் இடத்தில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் தேடுகிறோம், அதன்மேல் எந்த நேரத்தில் வெயில் விழும் என்று யாரும் தேடுவதில்லை. போனில் மேப்பைத் திறந்து சாட்டிலைட் படத்துக்கு மாற்றினால் கட்டடத்தின் முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும். கிழக்கு பார்த்த முகப்புக்குக் காலையில்தான் போகவேண்டும். மாலையில் போய் நின்றால் கட்டடம் இருண்டும் அதன் பின்னால் வானம் வெளுத்தும் கிடக்கும். ஏரி, ஆறு என்றால் விடியற்காலை. காற்று கிளம்புவதற்கு முன்னால் தண்ணீர் பெரும்பாலும் அசையாமல் இருக்கும், பிம்பம் தெளிவாக விழும்.

சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்றால், அப்போது ஒளி வளிமண்டலத்தில் நீண்ட தூரம் சாய்வாகப் பயணம் செய்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிப்போய்விடுவதால் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சும். சாய்ந்து விழுவதால் நிழல் நீளும், சுவரின் சொரசொரப்பு, மணலில் கால் தடம் எல்லாம் எடுப்பாகத் தெரியும்.

இன்னொன்று. சில நினைவுச் சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் டிரைபாடுக்கு அனுமதி கிடையாது, ட்ரோனுக்குப் பல இடங்களில் முன் அனுமதி வேண்டும். கிளம்புவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

2. முந்தைய இரவு

பேட்டரி சார்ஜ், முடிந்தால் இன்னொரு பேட்டரி, காலியான மெமரி கார்டு, லென்ஸ் துடைக்கும் துணி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. அவ்வளவுதான். லென்ஸ் ஒன்று போதும், இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கேமராவோடு வந்த 18–55 லென்ஸே இருக்கட்டும், ஆனால் அதை 35-இல் வைத்துவிட்டு அன்று முழுக்க ஜூமைத் தொடாமல் எடுத்துப் பாருங்கள். கால்தான் ஜூம். ஏபிஎஸ்-சி என்னும் சற்றுச் சிறிய சென்சாரில் (ஒளியைப் பதியும் தகடு) 35 மிமீ என்பது ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய சென்சாரில் ஏறக்குறைய 50 மிமீ கணக்கு, அதிகம் விரியவும் செய்யாது, அதிகம் இழுக்கவும் செய்யாது. போனில் எடுப்பவர்கள் முதன்மை லென்ஸிலேயே நிற்கலாம். விரலால் திரையில் இழுத்துப் பெரிதாக்கினால் பல நேரம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் நடக்கிறது.

3. கேமராவை இப்படி வையுங்கள்

முழு ஆட்டோவும் வேண்டாம், முழு மேனுவலும் வேண்டாம். டயலில் ஏ அல்லது ஏவி என்று இருக்கும் அபர்ச்சர் மோடுக்குத் திருப்பி (லென்ஸ் திறப்பின் அளவை நாம் சொல்வோம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), திறப்பை எஃப் 8 வைத்து, ஒளிக்கான உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 3200 என்று கட்டிவிடுங்கள். குறைந்தபட்ச ஷட்டர் வேகம் கேட்டால் 1/250 விநாடி கொடுங்கள். நடந்து போகிற மனிதர் கலங்காமல் வர அது போதும். ஓடுகிற குழந்தைக்கு 1/500-க்கு மேல் வேண்டும், பறக்கும் பறவைக்கு 1/2000 வரைகூடப் போகவேண்டிவரும். படத்தை ராவிலும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வழக்கமான ஜேபெக்கிலும் சேர்த்துப் பதியுங்கள், இன்று ராவைத் திறக்கத் தெரியாவிட்டாலும் ஒரு வருடம் கழித்துத் தெரியும்.

இதோடு ஒரே ஒரு பொத்தானைப் பழகிக்கொள்ளுங்கள்: கூட்டல், கழித்தல் குறி போட்டிருக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். கேமராவுக்குத் தான் பார்ப்பது வெள்ளைச் சுவரா கறுப்பு நாயா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் வெளிச்சம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். அதனால்தான் வெயில் பட்ட வெள்ளைச் சுவரை எடுத்தால் அழுக்குப் படிந்த மாதிரி மங்கி வருகிறது, நிழலில் படுத்திருக்கும் கறுப்பு நாய் வெளுத்துப்போய் வருகிறது. சுவருக்கு +1, நாய்க்கு -1. எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள், மேடு வலது ஓரத்தில் முட்டி வெட்டுப்பட்டு நின்றால் அந்த இடத்தில் விவரம் போய்விட்டது, கொஞ்சம் குறைத்து மறுபடி எடுங்கள். எந்த அளவு கூட்டுவது, குறைப்பது என்பது எடுத்து எடுத்துத்தான் கைக்கு வரும்.

4. போய்ச் சேர்ந்ததும்

முதல் கால் மணி நேரம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். சும்மா ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வெயில் எங்கே விழுகிறது, ஆட்கள் எந்த வழியாக வந்து போகிறார்கள், பின்னணியில் குப்பைத்தொட்டியோ விளம்பரப் பலகையோ இல்லாத பக்கம் எது என்று கண் பழகட்டும்.

அப்புறம் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரையில் கட்டிப்போட்ட ஒரு படகு என்று வைத்துக்கொள்வோம். முதலில் தூரத்தில் நின்று ஆறு, வானம், படகு எல்லாம் வருகிற மாதிரி ஒன்று. பத்தடி கிட்டே போய்ப் படகு மட்டும். பிறகு முட்டிபோட்டு உட்கார்ந்து, கயிறு முளையில் சுற்றியிருக்கும் இடத்தை மட்டும்: ஈரத்தில் ஊறி நார் பிரிந்து நிற்கும் கயிறு, ஆணித் தலையைச் சுற்றி ஓடிய துருக்கறை, உரிந்த நீலப் பெயின்டுக்குக் கீழே எட்டிப்பார்க்கும் பழைய பச்சை. இதே படகை எதிர்வெயிலில் நின்று எடுத்தால் வெறும் நிழலுருவாக வரும், அதுவும் ஒரு படம்தான். நின்ற இடத்திலிருந்தே இருபது எடுப்பதைவிட, இப்படி நகர்ந்து நகர்ந்து ஐந்து எடுத்தால் நிறைய பிடிபடும்.

பொத்தானை அழுத்துமுன் சட்டத்தின் நான்கு ஓரங்களிலும் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். தலையிலிருந்து கம்பம் முளைத்திருப்பது, யாருடைய பாதமோ பாதியில் வெட்டுப்பட்டிருப்பது, இதெல்லாம் எடுக்கும்போது தெரியாது, வீட்டில்தான் உறுத்தும். நல்ல பின்னணி ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே நின்று யாராவது குறுக்கே வரும்வரை காத்திருப்பது, ஆளைத் துரத்திக்கொண்டு போவதைவிட எவ்வளவோ மேல்.

5. மனிதர்கள்

கேட்டுவிட்டு எடுங்கள். மொழி தெரியாத இடத்தில் கேமராவைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினால் போதும், அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் அதோடு விட்டுவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். எடுத்ததைத் திரையில் காட்டினால் இரண்டாவது படத்துக்கு அவர்களே இயல்பாக நிற்பார்கள், அதுதான் பெரும்பாலும் நன்றாக வரும்.

6. உச்சிவெயிலில்

தலைக்கு மேல் வெயில் நிற்கும்போது முகத்தில் கண்குழி இருண்டுவிடும். சாப்பிட்டு ஓய்வெடுக்க நல்ல நேரம் இது. எடுத்தே தீரவேண்டும் என்றால் நிழலுக்குள் வாருங்கள். வாசலை ஒட்டி உள்பக்கம் ஒருவரை நிற்கவைத்து, முகம் வெளியே பார்க்கிற மாதிரி எடுத்தால் வெளிச்சம் மென்மையாக விழும். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்குக் கேமராவைச் சட்டென்று கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் படியும். வாயை இறுக்கிய பையிலேயே சிறிது நேரம் வெளியில் வைத்து, சூடேறியதும் எடுங்கள்.

7. மாலை

சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அறியக் கையை முழுக்க நீட்டி, உள்ளங்கையை முகத்துக்கு நேராகக் குறுக்கே பிடித்து, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணுங்கள். நம் ஊர்ப் பக்கம் ஒரு விரலுக்கு ஏறக்குறைய ஏழெட்டு நிமிடம். வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, நான்கு விரல் அகலம் கிட்டத்தட்ட அதில் பாதிதான். எஸ்எல்ஆர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

சூரியன் மறைந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இன்னும் அரைமணி நேரம் இருங்கள். வானம் ஆழ்ந்த நீலத்துக்கு மாறி, விளக்குகளின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் சமமாக வரும் சில நிமிடங்கள் அப்போதுதான் கிடைக்கும். டிரைபாட் இல்லையென்றால் கேமராவைக் கைப்பிடிச்சுவர் மேல் வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். அப்போது குறைந்தபட்ச ஷட்டர் வரம்பை எடுத்துவிட்டு, ஐஎஸ்ஓவையும் 100-க்கு இறக்கிவிடலாம்.

8. வீட்டுக்கு வந்ததும்

கேமராவின் சின்னத் திரையைப் பார்த்து எதையும் அழிக்காதீர்கள், அதில் மங்கலாகத் தெரிவது கணினியில் நன்றாக இருக்கலாம். கணினிக்கு ஒரு நகல், வெளி ஹார்ட் டிஸ்க்குக்கோ கிளவுடுக்கோ இன்னொரு நகல். அன்றைக்கே பத்துப் படங்களுக்குமேல் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதிலும் நாலைந்து கழிந்துவிடும். தேர்ந்த படங்கள் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, எந்த ஷட்டர் வேகம் என்று கோப்பின் விவரங்களில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்தமுறை அங்கே போக வேண்டிய நேரம் அதிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டு நகல்களும் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டைக் கேமராவில் வைத்து ஃபார்மேட் செய்யுங்கள்.