மலைப்பக்க வீட்டில் வைஃபை ரவுட்டர்: கருங்கல் சுவரும் ஐப்பசி இடியும்

குமுளி, வண்டிப்பெரியார், மறையூர் பக்கம் ஃபைபர் இணைப்பு எடுப்பவர்கள் பாஸ்வேர்டுக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை இரண்டு: சுவர், இடி.

கேபிள் நுழையும் ஜன்னல் ஓரத்திலேயே கேபிள்காரர் மோடம் பெட்டியை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். விடாதீர்கள். வீட்டின் நடுப்பகுதி வரை ஒயரை இழுக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு அடி உயரத்தில், இரும்பு பீரோவும் ஃபிரிட்ஜும் மறைக்காத இடமாக இருக்கட்டும். வைஃபை அலை இரண்டு வகை: 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கருங்கல் சுவர் ஒன்றைத் தாண்டவே திணறும். 2.4 கொஞ்சம் தாண்டும். இரண்டு கல் சுவருக்கு அப்பால் இருக்கும் அறைக்கு எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு ரவுட்டர் வைப்பதுதான் வழி. கேட்-5இ கேபிள் போதும். எட்டுக் கம்பியும் சரியாகப் பிடித்திருக்க வேண்டும், நான்கு மட்டும் பிடித்தால் வேகம் 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறாது.

பலர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது ரவுட்டரில்தான். நாம் மோடம் என்று சொல்லும் ஓ.என்.டி. பெட்டியின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1. புது ரவுட்டருக்கும் அதே முகவரி இருந்தால் இரண்டும் மோதி நெட் வராது. புது ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறை (வைஃபையை மட்டும் பரப்பும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. அது இல்லாத பழைய ரவுட்டரில் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபி-யை (போன், கணினிகளுக்கு முகவரி வழங்கும் வசதியை) அணைத்து, ஓ.என்.டி.யிலிருந்து வரும் கேபிளை லேன் துளையில் செருகுங்கள், வெளி இணைப்புக்கான டபிள்யூ.ஏ.என். துளையில் அல்ல.

இந்த முகவரியை பிரவுசரில் அடித்தால் வரும் அமைப்புப் பக்கத்தை போனில் திறப்பதாக இருந்தால் முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் 'இந்த வைஃபையில் நெட் இல்லை' என்று போன் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. வைஃபைக்குப் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், 2.4-க்குச் சேனல் 1, 6, 11-இல் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வேண்டாம். ஸ்டிக்கரில் உள்ள அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டையே அதற்கும் வைக்காதீர்கள்.

இனி இடி. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மதியத்துக்கு மேல் வானம் இருட்டினாலே பெட்டிக்கு ஆபத்துதான். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் ஒயரைத் தாங்கப் பல வகைகளில் கூடவே ஒரு எஃகுக் கம்பி ஓடும். அதை வெளிச்சுவர்க் கொக்கியோடு நிறுத்தி வெட்டச் சொல்லுங்கள், வீட்டுக்குள் வரக்கூடாது. பக்கத்து வீட்டுக்கு வெளியே இழுத்த லேன் கேபிள் இருந்தால் இடிக்கு முன்பே அதைக் கழற்றுங்கள். பெட்டியில் லேன் துளைகள் கருகிப்போக அது ஒரு முக்கியக் காரணம்.

பெட்டிக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குவது நல்ல செலவு. இடி கேட்டதும் சுவர் பிளக்கையே பிடுங்கிவிடலாம், நெட் பேட்டரியில் ஓடும். 8800 எம்ஏஹெச் என்று போட்டிருந்தாலும் அது 3.7 வோல்ட் கணக்கு, சுமார் 32 வாட்-மணி. ஓ.என்.டி.யும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் தீரும். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் பெட்டி போய்விடலாம்.

நெட் நின்றால் உடனே ரீசெட் ஊசித்துளையைக் குத்தாதீர்கள். இணைப்பின் யூசர்நேமும், கம்பெனி கொடுத்த விலான் (VLAN) எண்ணும் அதில் அழிந்துபோகலாம். நன்றாக ஓடும்போதே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். ஓ.என்.டி.யில் 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் கோளாறு ஃபைபரில். பச்சை முனை சரியாக அமர்ந்திருக்கிறதா, மெல்லிய மஞ்சள் ஒயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் கேபிள்காரரை அழைத்து ஒளி அளவை மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 27 டிபிஎம்-க்குக் கீழே (மைனஸ் 28, 29 என்று) இறங்கியிருந்தால் வழியில் எங்கோ முனையோ இழையை ஒட்டிய இடமோ பழுது, அவர்தான் சரிசெய்ய வேண்டும்.