பர்மா போர்முனை ஹரிக்கேன்: 1/72 மாடலில் சரித்திரம் பிசகாமல் இருக்க

1/72 என்றால் அசலில் 72இல் ஒரு பங்கு அளவு. மாடல் செய்ய முதலில் ஒரு விமானத்தையும் ஒரு வருடத்தையும் முடிவு செய்யுங்கள். 1944இல் பர்மா எல்லையில் இந்திய விமானப்படை ஓட்டிய ஹரிக்கேன் 2சி (பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேனின் ஒரு வகை) என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படம் கிடைத்தால் மாடல் பெட்டிமேல் உள்ள ஓவியத்தை நம்ப வேண்டியதில்லை.

அதிகம் தவறுவது விமானத்தின்மேல் வரும் விமானப்படை வட்டச் சின்னத்தில்தான். ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று குழம்பாமல் இருக்க இந்தப் பகுதியில் நடுச்சிவப்பை எடுத்துவிட்டார்கள். அடர்நீலமும் வெளிர்நீலமும் மட்டுமே இருந்தன. பெட்டியில் வரும் ஐரோப்பிய டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) இங்கே உதவாது. 2சிக்கு 20 மி.மீ. பீரங்கி நான்கு, 2பி வகையின் பன்னிரண்டு துப்பாக்கி இறக்கையை மாட்டிவிடாதீர்கள். இறக்கை அகலம் 12.19 மீட்டர், மாடலில் 169 மி.மீ. வரவேண்டும்.

பெயின்ட் உரிந்து வெள்ளி தெரிவதுபோல் காட்டும் ஆசை எல்லோருக்கும் உண்டு. இறக்கையிலும் இன்ஜின் மூடியிலும் காட்டலாம். விமானி அறைக்குப் பின்னால் கூடாது; அங்கே வெளிப்புறம் மரச்சட்டத்தின்மேல் போர்த்திய துணி, அடியில் பளபளக்க உலோகத் தகடு கிடையாது.

டெக்கால் ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் அவசியம். சொரசொரப்பான பரப்பில் காற்று சிக்கி, ஓரங்கள் வெள்ளியாய் மினுங்கும். புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் ஈரப்பதத்தால் வெண்படலம் பூக்கும். வெயில் காயும் நாளில், நண்பகலில், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள்.